முதுமையைத் தள்ளிப்போட ஒரு மாத்திரையா? எம்டார் பற்றிச் சில விளக்கங்கள்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க, நோயெதிர்ப்பாற்றலை அடக்குவதற்காக மருத்துவர்களாகிய நாங்கள் எழுதித்தரும் சிரோலிமஸ் மாத்திரையை, முதுமையைத் தள்ளிப்போடுவதற்காகத் தமக்கும் தர முடியுமா என்று உடல்நலத்தோடு இருப்பவர்கள் சிலர் அண்மைக்காலமாகக் கேட்கிறார்கள். ராபமைசின் என்று அவர்கள் இணையத்தில் படித்திருப்பதும் இதே மருந்துதான். 1964இல் கனடிய ஆய்வுக் குழுவினர் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துச்சென்ற மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியே மருந்தின் பெயராயிற்று. 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மைக்கேல் ஹால் குழுவினர் ஈஸ்ட் என்னும் நொதிக்கும் பூஞ்சையை ஆராய்ந்து, இம்மருந்து தடுக்கும் நொதியைக் கண்டறிந்தனர். பாலூட்டிகளில் உள்ள அதே நொதிதான் எம்டார்.

செல்லுக்குள் லியூசின், அர்ஜினின் போன்ற அமினோ அமிலங்கள் போதுமான அளவு இருந்தால் எம்டார், செல்லுக்குள் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோமின் மேற்பரப்புக்கு வந்துசேர்கிறது. இன்சுலின் செய்தியும் கிடைத்தால், எம்டாரை அடக்கிவைக்கும் டிஎஸ்சி என்னும் புரதங்களின் தடை விலகி அது முழுமையாக இயங்கத் தொடங்குகிறது. அப்போது செல் புரதம் கட்டி வளர்கிறது, தன் பழைய பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. டிஎஸ்சி மரபணு பழுதாகிப் பிறந்தவர்களுக்கு மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றுவதும், சிரோலிமஸைப் போலவே எம்டாரைத் தடுக்கும் எவரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுத்தால் அவை சுருங்குவதும் இதனால்தான்.

அளவுக்கு மீறி உண்பவர்களிடம் எம்டார் ஓயாமல் இயங்கி, இன்சுலின் ஏற்பி அனுப்பும் செய்தியையே மழுக்கிவிடுகிறது. அப்படியானால் எம்டாரைத் தடுத்தால் சர்க்கரை குறைய வேண்டும் அல்லவா? நடைமுறையில், சிரோலிமஸை நீண்டநாள் உட்கொள்வோர் பலருக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்கிறது. காரணம், எம்டார் வேறு புரதங்களோடு சேர்ந்து இரண்டு கூட்டமைப்புகளாக இயங்குகிறது. மருந்து முதலாவதை உடனே தடுக்கிறது, நாளடைவில் இன்சுலின் செயல்பாட்டுக்குத் தேவையான இரண்டாவதையும் சிதைக்கிறது.

2009இல் வெளியான ஆய்வில், இம்மருந்து கொடுக்கப்பட்ட வயதான எலிகளின் ஆயுள் நீண்டது உண்மை. மனிதரிடம் அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. வாய்ப்புண், கொழுப்பு உயர்வு, ஆறத் தாமதிக்கும் காயம், தொற்று ஆகியவற்றை உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் பொறுத்துக்கொள்வது மாற்று உறுப்பைக் காப்பாற்றுவதற்காக. நலமாக இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஏற்கெனவே இதைத் தாமாக வாங்கி உட்கொள்பவர்கள், பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கு முன்பும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் இரத்தத்தில் சிரோலிமஸின் அளவைப் பலமடங்கு உயர்த்தும் என்பதால், அவற்றை எழுதித்தருபவரிடமும் இதை மறைக்கக் கூடாது.