ரிப்போர்ட்டில் 'நார்மல்', வலி மட்டும் போகவில்லை

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்கு டாக்டர், ஆனா வலி அப்படியே இருக்கே?" ரேடியாலஜி துறையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் இருக்காது. இதற்கு நேர்மாறாக இன்னொரு கூட்டமும் வரும். உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது, ரிப்போர்ட்டில் உள்ள ஒரு வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் போயிருக்கும்.

எக்ஸ்ரேயும் சி.டி.யும் மிக நன்றாகக் காட்டுவது கால்சியத்தைத்தான். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். எலும்பில் கால்சியம் குறைந்தால் அது படத்தில் தெரிய நாளாகும். ரத்தக்குழாயில் கால்சியம் படிந்தால் படத்தில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அந்த வெளிச்சமே உள்ளே இருப்பதை மறைத்துவிடும்.

மணிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள சிறு பள்ளத்தில் அழுத்தினால் சுரீர் என்கிறது. எக்ஸ்ரேயோ சுத்தமாக இருக்கிறது. அங்கே இருப்பது ஸ்கேபாய்ட் என்ற சின்ன எலும்பு. அதில் விழும் விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சகஜம். 10 முதல் 14 நாள் கழித்து, விரிசலின் ஓரங்களில் எலும்பு கொஞ்சம் கரைந்த பிறகு, அதே கோடு பளிச்சென்று தெரியும். அதனால்தான் எலும்பு மருத்துவர் 'நார்மல்' ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கட்டுப் போடுகிறார். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. விரிசலைக் கவனிக்காமல் விட்டால் முழங்கைப் பக்கத் துண்டு ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகலாம். இரண்டு வாரம் காத்திருக்க முடியாது என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்; எலும்பு மஜ்ஜையில் ஏற்படும் நீர்க்கோவையை அது ஓரிரு நாளிலேயே காட்டிவிடும். வழுக்கி விழுந்த முதியவரால் காலை ஊன்றவே முடியவில்லை, இடுப்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் இதே கதைதான். படத்தை நம்பி அவரை நடக்க விடாதீர்கள்.

எலும்பு மெலிவு விஷயத்தில் சாதாரண எக்ஸ்ரே இன்னும் மோசம். எலும்பிலுள்ள கால்சியம் போன்ற தாதுக்களில் சுமார் 30 சதவீதம் போன பிறகுதான் படத்தில் வித்தியாசம் தெரியும். அதற்காகத்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டு அது தரும் எண்தான் டி ஸ்கோர். அது -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். சரி, இந்த எண்ணையாவது முழுதாக நம்பலாமா? வயதானவர்களின் முதுகெலும்பில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஓரங்களில் வளர்ந்த எலும்பு முட்களையும், நசுங்கிப்போன முள்ளெலும்பில் நெருங்கிக் கிடக்கும் தாதுவையும், முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் மகாதமனியின் சுவரில் படிந்த கால்சியத்தையும்கூட கருவி எலும்புக் கணக்கிலேயே சேர்த்துவிடும். எலும்பு பலவீனமாக இருக்கும், ஸ்கோர் அழகாக இருக்கும். அதனால்தான் இடுப்பையும் சேர்த்து அளக்கிறோம்.

இப்போது இதயத்துக்கு வருவோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை சி.டி.யில் படமெடுக்கும் சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம் 'பெரிய அடைப்பு இல்லை' என்று சொன்னால், படம் தெளிவாக இருக்கும் பட்சத்தில், அதை நன்றாகவே நம்பலாம். 'அடைப்பு இருக்கிறது' என்று சொல்லும்போதுதான் நிதானம் வேண்டும். கெட்டியான கால்சியம் சி.டி.யில் தன் உண்மையான அளவைவிடப் பருத்துத் தெரியும். குழாயின் உள்வழி உள்ளதைவிடக் குறுகலாகத் தோன்றும். 'கடுமையான அடைப்பு' என்று ரிப்போர்ட் வந்து, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு மருந்து செலுத்திப் படமெடுக்கும் கதீட்டர் ஆஞ்சியோகிராமில் பாதி அடைப்புகூட இல்லை என்று தெரியவருவது இப்படித்தான். நாடித்துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கும். ஸ்கேனுக்கு முன் துடிப்பைக் குறைக்க மாத்திரை தருவது அதற்காகத்தான். இதயக் குழாய்களில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்று சி.டி. கணக்கிடும் கால்சியம் ஸ்கோர் 0 என்பது நல்ல செய்தி, ஆனால் கால்சியம் படியாத மென்மையான கொழுப்புப் படிவு அந்தக் கணக்கில் வராது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு அந்த 0 மட்டும் போதாது.

கதீட்டர் ஆஞ்சியோகிராமுக்கும் எல்லை உண்டு. அது காட்டுவது ரத்தம் ஓடும் வழியை, சுவரை இல்லை. படிவு சேரச் சேர குழாய் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கும், உள்வழி அப்படியே இருக்கும். இதைக் கிளாகோவ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1987-இலேயே காட்டிவிட்டார்கள். நடுத்தர அடைப்பு என்றால் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அடைப்புக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுத்து வரும் அளவு 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைப்பதா என்று முடிவெடுக்கும்போது, படத்தில் தெரியும் சதவீதத்தைவிட இந்த எண்ணுக்குத்தான் நான் அதிக மரியாதை தருவேன்.

கால் தமனிகளில், கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது குறைவு என்றால் அடைப்பு இருக்கலாம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்குத் தமனிச் சுவர் இறுகிப்போய் 1.4-க்கு மேல்கூடக் காட்டும். அதை ஆரோக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது, கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். கால் திடீரென்று வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போனால் ஸ்கேனுக்கு நேரம் வாங்கிக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் அந்த இரண்டாவது கூட்டம். முதுகு எம்.ஆர்.ஐ.யில் 'டிஸ்க் வீக்கம்', அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கியிருக்கிறது என்ற வரி. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசி 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் இது இருந்தது. வலிக்கும் இடமும் படத்தில் தெரியும் இடமும் பொருந்தாவிட்டால் அந்த வரிக்காக ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் சீட்டில் 'மணிக்கட்டு எக்ஸ்ரே' என்று மட்டும் எழுதி வந்தால், படிப்பவர் மொத்தக் கையையும் பொதுவாகத்தான் பார்ப்பார். எப்போது, எப்படி விழுந்தீர்கள், எந்த இடத்தில் அழுத்தினால் வலி என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் படம் எடுப்பவரிடம் வாயால் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டோடு பழைய படங்களையும் கொண்டுவாருங்கள். டெக்ஸாவை மறுபடி எடுக்கும்போது முடிந்தவரை அதே கருவியில் எடுங்கள். கருவிக்குக் கருவி எண் மாறும். 'போன தடவையைவிட எலும்பு குறைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், மருந்தை மாற்றுவதற்கு முன் இரண்டும் ஒரே கருவியில் எடுத்தவையா என்று கேளுங்கள்.