ஈரக் கைக்குட்டை காட்டுத்தீப் புகையைத் தடுக்காது

காட்டுத்தீ சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் நுரையீரல் பிரிவுக்கு வருகிறவர்களில் பலரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். முகத்தில் ஈரக் கைக்குட்டை இருக்கும். கூட வந்தவர் கையில் தீர்ந்துபோன இன்ஹேலர் இருக்கும். இந்த வாரமும் ஆஸ்துமா உள்ள ஒருவர் அப்படித்தான் வந்தார். தீ எரிந்த இடம் அவர் வீட்டிலிருந்து வெகுதூரம். "தீ நம்ம பக்கம் வரவே இல்லையே டாக்டர், புகைக்காகத் துணியும் கட்டியிருந்தேனே" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று நான்கு மூச்சு தேவைப்பட்டது. நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆக்சிஜன் எல்லாம் கொடுத்து இப்போது தேறிவிட்டார். திணறிக்கொண்டிருக்கிறவரிடம் கண்டிப்பாகப் பேச மனம் வராது. அதனால் அவரிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தீ எரியும் இடத்தில்தான் ஆபத்து என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் 2019–20 கோடையில் எரிந்த காட்டுத்தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அதே தீயின் புகையால் மட்டும் சுமார் 417 கூடுதல் மரணங்கள் நேர்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். புகையால் மூச்சுக் கோளாறு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 2,000 பேருக்கும் மேல், இதயக் கோளாறோடு சேர்ந்தவர்கள் 1,100 பேருக்கும் மேல் என்பதும் அவர்கள் மதிப்பீடு. ஆம், இதயமும்தான். நெஞ்சு அடைக்கிறது என்று புகை நாளில் யார் வந்தாலும் நாங்கள் ஈசிஜி எடுக்காமல் அனுப்புவதில்லை. தூரமும் உங்களைக் காப்பாற்றாது. 2023 ஜூனில் கனடாவின் கியூபெக் காடுகள் எரிந்தபோது, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த நியூயார்க்கில் வானமே ஆரஞ்சு நிறமாக மாறியது.

சரி, துணி விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாற மாட்டேன் என்கிறது.

மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காட்டுத்தீப் புகையில் உள்ள துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. கைக்குட்டையிலோ துப்பட்டாவிலோ நூலுக்கும் நூலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு பெரிது. மீன் வலையைக் கட்டிக் கொசுவைத் தடுக்க முடியுமா? "நனைத்துத்தானே கட்டுகிறோம், நூல் ஊறி அடைத்துக்கொள்ளாதா" என்று கேட்பார்கள். அடைத்துக்கொண்ட இடத்தில் காற்றும் போகாது. அந்தக் காற்று மூக்கின் இரண்டு பக்கமும் தாடையோரமும் இருக்கும் சந்து வழியாக, துகளையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போகும். நான்காக மடித்தாலும் எட்டாக மடித்தாலும் இதே கதைதான். மூச்சு இழுக்கத்தான் இன்னும் சிரமமாகும்.

அப்புறம் அந்தக் கறுத்த துணியை என் மேஜையில் விரித்து, "பாருங்க டாக்டர், எவ்வளவு பிடிச்சிருக்கு" என்பார்கள். அதில் பிடிபட்டது சாம்பலும் பெரிய கரித்தூளும். அவற்றில் பெரும்பகுதியை உங்கள் மூக்கும் தொண்டையுமே நிறுத்திவிடும். நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் சேரக்கூடிய துகள் கண்ணுக்குத் தெரியாது. அது துணியில் கறையாகவும் நிற்காது. துணி கறுத்ததைப் பார்த்து வருகிற தைரியத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் வெளியே நிற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கவலை.

வேண்டியது என்-95 அல்லது அதற்கு இணையான மாஸ்க். பிடிக்க மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளிலும் குறைந்தது 95 சதவீதத்தை அந்த வடிகட்டி நிறுத்தும். ஆனால் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் அதற்கும் மதிப்பு. இரண்டு பட்டையையும் தலைக்குப் பின்னால் மாட்டுங்கள், மூக்குக் கம்பியை அழுத்திவிடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். புகைக்காலம் முடியும்வரை தாடியை எடுத்துவிடுங்கள் என்று சிலரிடம் கெஞ்சியே இருக்கிறேன். இந்த மாஸ்க்கை நனைக்காதீர்கள், துவைக்காதீர்கள். இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது, கழுவினால் அது கெட்டுவிடும். சிறு குழந்தைகளின் முகத்துக்கு இது பொருந்தாது. அவர்களை உள்ளேயே வைத்திருப்பதுதான் வழி. இன்னொன்று, மாஸ்க் துகளைத்தான் தடுக்கும், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களைத் தடுக்காது. மாஸ்க் போட்டிருக்கிறேன் என்று தீயின் அருகே நிற்கலாம் என நினைக்காதீர்கள்.

வெளியே போகலாமா என்பதை மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் புகை வாடை பழகிவிடும். வாடை இல்லாத நாளிலும் நுண்துகள் நிறைய இருக்கலாம். காலையில் எழுந்ததும் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்க அளவுகோலில் 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் வெளிவேலையைக் குறைக்க வேண்டும். 150-ஐத் தாண்டினால் எல்லோருக்கும் கெடுதல். 300-க்கு மேல் போனால் பேரபாயம். கனடாவின் குறியீடு 1-இல் தொடங்கி 10-க்கு மேல் போகும். அங்கே 8 என்றால் ஏற்கெனவே அபாயம் அதிகம். வேறு நாட்டில் இருக்கும் உறவினர் சொன்ன எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு நிம்மதியடையாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அறிவுரையைப் படியுங்கள். சில குறியீடுகள் பல மணி நேரச் சராசரி. காற்று திசை திரும்பினால் அரை மணியில் நிலைமை மாறிவிடும், எனவே மதியமும் ஒருமுறை பாருங்கள்.

வீட்டுக்குள் இருந்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை மெதுவாக உள்ளே சேரும். ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, அதை மூடிவைத்து, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை அதில் ஓட விடுங்கள். ஓசோன் வெளியிடும் கருவியாக இருந்தால் வாங்காதீர்கள், அதுவே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். மத்திய ஏசி உள்ளவர்கள் வடிகட்டியை மெர்வ் 13 தரத்துக்கு (மெர்வ் என்பது வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். காரில் போனால் வெளிக்காற்று வரும் வழியை மூடிவிடுங்கள். அடைத்த வீட்டுக்குள் பொரிப்பதும், ஊதுபத்தி கொளுத்துவதும், சிகரெட் பிடிப்பதும் உள்ளிருந்தே புகை போடுவது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். மூச்சிரைப்பு வந்தவுடன் அடிக்கும் இன்ஹேலர் வேறு, தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் வேறு. இரண்டாவதை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு, வானம் மங்கிய அன்று எடுத்து அடிக்கிறார்கள். அது முழுதாக வேலை செய்யச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் ஆகும். சீசனுக்கு முன்பே உங்கள் டாக்டரைப் பார்த்து, வீசிங் கூடினால் எதை எவ்வளவு எடுப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு வருவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கான மருந்து, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்), மருந்துச் சீட்டின் நகல், மாஸ்க், மூக்குக்கண்ணாடி, சார்ஜர் எல்லாம் ஒரே பையில் வாசலோரம் இருக்கட்டும். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருந்தால், மின்சாரம் போனால் என்ன செய்வது என்று அதைக் கொடுத்தவரிடம் இன்றே கேளுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டாதீர்கள், அதன் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வெளியேறுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை எரித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரைத் தீ எரித்தபோது அங்கே அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை, மின்சாரமும் செல்போன் சிக்னலும் போயிருந்தன. ஆகவே ஒரே ஒரு எச்சரிக்கையை நம்பி இருக்காதீர்கள். அரசின் அவசர அறிவிப்புச் செயலியில் பதிவு செய்யுங்கள், பேட்டரி ரேடியோ ஒன்று வைத்திருங்கள், பக்கத்து வீட்டாரோடு பேசி வையுங்கள். வெளியேற்ற அறிவிப்பு பெரும்பாலும் படிப்படியாகத்தான் வரும். நடக்க முடியாதவர், ஆக்சிஜனில் இருப்பவர், கைக்குழந்தை உள்ள வீட்டார் எல்லாம் முதல் படியிலேயே கிளம்பிவிட வேண்டும். கலிபோர்னியாவில் அந்த முதல் படியின் விளக்கமே, கூடுதல் நேரம் தேவைப்படுகிறவர்கள் இப்போதே கிளம்புங்கள் என்பதுதான். "கட்டாய உத்தரவு வரட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தவர்கள் புகையிலும் நெரிசலிலும் மாட்டிக்கொண்ட பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் அடித்தும் இளைப்பு குறையவில்லை, நெஞ்சு வலிக்கிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தீக்கு அருகே புகையைச் சுவாசித்தவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கலாம். சாதாரண ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக் காட்டும். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை வேண்டும்.

தீ அணைந்த பிறகும் ஒரு கூட்டம் எங்களிடம் வரும். சாம்பலைக் காய்ந்த துடைப்பத்தாலும் காற்று ஊதும் இயந்திரத்தாலும் கிளப்பிவிட்டவர்கள் அவர்கள். வீடுகள் எரிந்த சாம்பலில் ஈயம், ஆர்சனிக், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் இருக்கலாம். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து அள்ளுங்கள். கையுறை, என்-95, முழுக்கைச் சட்டை வேண்டும். வேலை முடிந்ததும் உடையையும் செருப்பையும் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் சாம்பல் அள்ளும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.