சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

மறுபடியும் அதே கதை. ஓர் அரண்மனையை விடுதியாக மாற்றுகிறார்கள், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று அண்மையில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், தரைத்தளச் சுவர்களில் இடுப்புயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, பெயிண்ட்டும் அடித்து முடித்திருந்தார்கள். "ஓதம் காத்துக்கொண்டே இருந்தது சார், அதனால் பலமாகப் பூசிவிட்டோம்" என்றார் மேற்பார்வையாளர். மரபுக் கட்டடங்களில் வேலை செய்கிற எங்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சிமெண்ட் பூச்சு ஓதத்தை நிறுத்தாது. கொஞ்ச நாளைக்கு மறைக்கும், அவ்வளவுதான். போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல். அதற்கு முந்திய செங்கல், கல் அரண்மனைகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. மண்ணின் ஈரம் அந்தச் சுவர்களில் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் பூச்சின் நுண்துளைகள் வழியாக ஆவியாகிவிடும் என்பதுதான் கட்டியவர்களின் கணக்கு. அந்த வழியை அடைத்தால் ஈரம் எங்கே போகும்? இன்னும் மேலே ஏறும். இடுப்புயரத்தில் நின்றது தலைக்கு மேலே போய், ஓவியம் தீட்டிய பூச்சையும் உத்தரம் செருகிய இடத்தையும் தொடும். கூடவே வந்த உப்பு சிமெண்டுக்குப் பின்னால் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, அதைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். கடைசியில் சிமெண்ட் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். உடனே "பழைய செங்கல், தாங்கவில்லை" என்கிறார்கள். அத்தனை தலைமுறை தாங்கிய செங்கல் ஐயா அது!

"சுண்ணாம்புக்குப் பலமில்லை" என்ற பேச்சு இன்னும் எரிச்சலூட்டுகிறது. சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவர் லேசாக அசைந்தால் விரிசல் சாந்தில் விழட்டும், கல்லில் விழக்கூடாது. சாந்தை மறுபடி பூசலாம்; அன்றைய சிற்பி செதுக்கிய கல்லை எங்கிருந்து கொண்டுவருவது? கிரீட் தீவின் நொசோஸ் அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவன்ஸ், 1920-களில் அதன் சில பகுதிகளைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் திரும்ப எழுப்பினார். பின்னாளில் கம்பி துருப்பிடித்து, அந்தக் கான்கிரீட்டுக்கே பழுதுபார்க்கும் வேலை வந்தது.

அரண்மனையைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூட்டிவைத்த கட்டடம்தான் சீக்கிரம் அழிகிறது. கூரை ஒழுகினால் பார்க்க ஆளிருக்காது. பாரிஸின் லூவர் அரண்மனை 1793 முதல் அருங்காட்சியகம். குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரில், ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான, 1964-இன் வெனிஸ் சாசனமும் சமூகத்துக்குப் பயன்படும்படி உபயோகிப்பதை வரவேற்கிறது. ஆனால் கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது என்று நிபந்தனை போடுகிறது. ஆகவே கட்டடத்துக்கு ஏற்ற உபயோகத்தைத் தேடுங்கள். பெரிய மண்டபத்தை நூலகமாகவோ கண்காட்சிக் கூடமாகவோ ஆக்கலாம். அதையே பத்து அறைகளாகத் தடுத்து, அறைக்கொரு குளியலறை வைத்தால் அங்கே மண்டபம் ஏது?

முதலில் கூரையையும் மழைநீர்க் குழாய்களையும் சரிசெய்யுங்கள். சுவரையொட்டி மேடாகிவிட்ட மண்ணை வெட்டி இறக்குங்கள். பல இடங்களில் இவ்வளவிலேயே ஓதம் பாதி அடங்கிவிடும். பழைய பூச்சின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பாமல் புதுச் சாந்து கலக்காதீர்கள். வயரும் குழாயும் பதிக்கச் சுவரை வெட்டாதீர்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். மரத்தளத்தின்மேல் குளியலறை வைக்காதீர்கள். அப்புறம் தீ! 1992-இல் இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் ஒரு விளக்கின் சூட்டில் திரைச்சீலை பற்றிக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமாயின. சீர்செய்ய ஐந்து வருடம் பிடித்தது.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிவிட்டீர்களா? பதறிப்போய் மெஷின் வைத்து உடைக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து ஒரு மூலையில் உளியால் மெதுவாக எடுத்துப் பாருங்கள். செங்கல்லும் சேர்ந்து பெயர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, மரபுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நல்லபடியாக வந்துவிட்டாலும் உடனே பூசிவிடாதீர்கள். தடித்த சுவர் காய மாதக்கணக்காகும், சிலசமயம் ஒரு வருடம்கூடத் தாண்டும். தயவுசெய்து திறப்பு விழாத் தேதியை அதற்குப் பிறகு குறியுங்கள்.