கரும்புகை விடும் பழைய வண்டி: பிளக்கை மாற்றுவதற்கு முன்

சைலன்சரில் கரும்புகை வருகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, மைலேஜ் சரிந்துவிட்டது என்று என்னிடம் வரும் பழைய வண்டிகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே ஒரு முறையாவது புதிய ஸ்பார்க் பிளக் மாட்டியிருப்பார்கள். சில நாள் நன்றாக ஓடிய பின் அந்தப் பிளக்கிலும் கரி ஏறிவிடும், ஏனென்றால் கரி படியக் காரணமான கோளாறு அப்படியே இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவுக்குக் காற்று கிடைக்காமல் பெட்ரோல் மிஞ்சுவதையே பட்டறையில் 'ரிச்' என்கிறோம். அப்படி முழுதும் எரியாத பெட்ரோல்தான் பிளக்கில் கரியாகப் படிகிறது. ஆகவே பிளக்குகளைக் கழற்றியதும் தூக்கி எறியாமல், எந்த சிலிண்டரில் இருந்தது என்ற வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் உலர்ந்த கரி இருந்தால் கோளாறு எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவானது. ஒன்றில் மட்டும் இருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ தீப்பொறியையோ சந்தேகிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் நீலப் புகையும் இருந்தால் எரிவது ஆயில், அதற்கு வைத்தியம் வேறு.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் அடைத்துப்போன ஏர் ஃபில்டர், முழுமையாகத் திறக்காத சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைப்பது), தேய்ந்த நீடில் வால்வு (பெட்ரோல் வரத்தை அடைப்பது), ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்த ஃப்ளோட் (மிதவை) ஆகியவற்றை இதே வரிசையில் பார்த்துவிடலாம். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோல் சலசலக்கும். இவற்றைப் பார்க்காமல், கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது பெரும்பாலும் வண்டி நிற்கும்போது எஞ்சின் மெல்ல ஓடும் ஐடிலிங்கைத்தான் மாற்றும், ஓட்டத்தில் கரும்புகை தொடரும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார்கள் சொல்வதை வைத்து ஈசியூ என்ற எஞ்சின் கணினி பெட்ரோலை அளந்து விடுவதால் விஷயம் நுட்பமானது. ஒரு காருக்கு வேறிடத்தில் பிளக்கும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் மாற்றியும் புகை நிற்கவில்லை. ஸ்கேனரை இணைத்தபோது, அரை மணி நேரம் ஓடி நன்றாகச் சூடேறிய எஞ்சினின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே காட்டியது. கூலன்ட் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் மின்தடை குளிரில் கூடும், சூட்டில் குறையும். அதன் கனெக்டரில் பாசி பிடித்துத் தடை கூடியதால், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக எண்ணி ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருந்தது. கனெக்டரைச் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்தது. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அதுவும் எஞ்சினை உண்மையிலேயே சூடேற விடாமல் இதே விளைவைத் தரும்.

ஆக்சிஜன் சென்சாரும் ஏமாறக்கூடியது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டால் செலவாகாத ஆக்சிஜன் அப்படியே புகையோடு வெளியேறும். அதைக் கண்ட சென்சார் பெட்ரோல் குறைவு என்று தெரிவிக்க, ஈசியூ மேலும் பெட்ரோலைக் கொட்டும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் உள்ள ஒழுக்கும் இப்படித்தான் ஏமாற்றும். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்க்கவும் மறக்காதீர்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது.

மைலேஜ் குறைவதை மட்டும் நினைத்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவி, ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சென்றடைந்து அதைக் கெடுக்கும். ரிச்சாக ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளியேற்றும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷெட்டில் உயிரையே பறித்துவிடும். சோதனைக்காக எஞ்சினை ஓடவிடும்போது வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள்.

கோளாறு நீங்கியதும் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.