தென்னைய எண்ண வர்ற அன்னிக்கு தோட்டத்தை விட்டு நகராதீங்க

நிலம் எடுக்கறாங்கன்னு நோட்டீஸ் வந்ததும் எல்லாரும் கேக்கறது சென்ட்டுக்கு எவ்வளவுன்னு தான். மரத்தை யார் எண்றாங்க, எப்ப எண்றாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. எங்க பக்கத்து தோட்டத்துல 83 தென்னை, லிஸ்ட்ல வந்தது 61. மீதி எங்க சார்னு அந்த அண்ணன் போய் கேட்டா "நீங்க தானே கையெழுத்து போட்டிருக்கீங்க"ன்னுட்டாங்க. போட்டாரு தான், ஆனா வெறும் பேப்பர்ல.

2013 நில எடுப்பு சட்டம் 29வது பிரிவு, மரம் செடிக்கு விலை போட விவசாயம், தோட்டக்கலை, வனம் தெரிஞ்ச அனுபவசாலிகளை கலெக்டர் பயன்படுத்திக்கலாம்னு சொல்லுது. "லாம்" தான். எப்படி எண்ணணும், உங்களுக்கு காப்பி தரணுமான்னு அதுல ஒரு வரி கிடையாது. கம்பெனி சொத்துக்கு விலை போடற வேல்யூயருக்கு 2017ல நடத்தை விதி போட்டாங்க, கமிஷன் மாதிரி சக்ஸஸ் ஃபீஸ் வாங்கக்கூடாது, ரெக்கார்டை 3 வருஷம் வச்சிருக்கணும்னு எல்லாம் இருக்கு. நம்ம தென்னைக்கு அந்த கொடுப்பினை இல்ல, அதனால அந்த ஒழுங்கை நாம தான் கேட்டு வாங்கணும்.

ஒரு மரம் விட்டுப்போச்சுன்னா நஷ்டம் ஒரு மடங்கு இல்ல. மரம், கிணறு மதிப்பையும் சேர்த்து தான் 100% சொலேஷியம் (இழப்பீட்டுக்கு மேல சேர்த்துத் தர்ற தொகை) வருது, அப்போ 10,000 ரூபா மரம் லிஸ்ட்ல இல்லன்னா போறது 20,000.

எண்ண வர்ற தேதிய எழுத்துல கேளுங்க. "அந்தப் பக்கம் வரப்ப போன் பண்றோம்"னு சொல்வாங்க, நீங்க சந்தைக்குப் போன நேரமா பாத்து வருவாங்க. அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்ட்ல நம்பர் போட்டு வீடியோ எடுத்து வைங்க. காய்க்கற மரத்தை கன்னுன்னு எழுதறது தான் ரொம்ப சகஜம், அதனால வயசு, காய்ப்பு ரெண்டும் கண்ணு முன்னாடி எழுதறாங்களான்னு பாருங்க. கிணறு, போர், பைப்லைனுக்கு இன்ஜினியர் தனியா வருவாரு, தோட்டக்கலை ஆளுகிட்ட சொன்னா அவர் தலையாட்டிட்டு போயிடுவாரு, பேப்பர்ல ஏறாது. அடங்கல்ல (விஏஓ வச்சிருக்கற பயிர்க் கணக்கு) தென்னைன்னு இல்லாம சும்மா புஞ்சைன்னு கிடந்தா இப்பவே விஏஓவைப் பாருங்க, நாலு நடை ஆகும், ஆகட்டும். நோட்டீஸுக்கு அப்புறம் ராத்திரியோட ராத்திரியா கன்னு நடாதீங்க, அதைக் காட்டியே பழைய மரத்தையும் சந்தேகப்படுவாங்க.

"பாத்து போட்டுத் தரேன், ஒரு பர்சென்ட் குடுங்க"ன்னு எவனாவது வந்தா அவன் லிஸ்ட்டையே மாத்தக்கூடிய ஆளுன்னு அர்த்தம். இன்னிக்கு உங்களுக்காக மாத்தறவன் நாளைக்கு வேற ஒருத்தருக்காக மாத்துவான்.

முக்கியமான பொறி கடைசில இருக்கு. பணம் வாங்கறப்ப "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்"னு எழுதி கையெழுத்து போடுங்க. 77வது பிரிவுப்படி ஆட்சேபம் இல்லாம வாங்கிட்டா அப்புறம் இழப்பீடு பத்தலன்னு 64வது பிரிவுல மனு போட முடியாது. "அதெல்லாம் எழுதினா செக் லேட் ஆகும் சார்"னு கிளார்க் சொல்வாரு, ஆட்சேபத்தோட வாங்கறது சட்டத்துலயே இருக்கு, எழுதுங்க. அவார்டு, அதாவது இழப்பீடு இவ்வளவுன்னு கலெக்டர் போடற உத்தரவு, சொன்னப்ப நீங்க ஆஜர்னா அன்னிலேர்ந்து 6 வாரத்துக்குள்ள கலெக்டருக்கு அந்த மனு, எத்தனை மரம் விட்டுப்போச்சுன்னு நம்பரோட. தபால்ல போட்டா ஒப்புகை அட்டைய வைங்க, நேர்ல குடுத்தா காப்பில சீல் வாங்காம அந்த டேபிளை விட்டு எழாதீங்க. நேஷனல் ஹைவேக்கு எடுத்த நிலம்னா இந்த வழி இல்ல, ஆர்பிட்ரேட்டர் (நடுவர்) கிட்ட போகணும், நோட்டீஸ்ல எந்த சட்டம்னு போட்டிருக்கும், அதை மொதல்ல பாத்துக்குங்க.