அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்: பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதியும், சேர்க்கைக் குழுவில் அமர்ந்து பிறர் எழுதியவற்றைப் படித்தும் வருகிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கும், கல்லூரிப் படிப்பின் சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ.வுக்கும் ஆண்டுக்கணக்கில் கவலைப்படுகின்றன. பரிந்துரைக் கடிதங்களின் நினைவோ, மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ஆம்காஸ் திறக்கும் மே மாதம் நெருங்கும்போதுதான் வருகிறது. அப்போது பெற்றோர் முதலில் சொல்லும் பெயர், பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்த இதயநோய் நிபுணரான ஓர் அங்கிளுடையதாக இருக்கிறது.

அவர் நல்ல மருத்துவராகவும், பிள்ளையைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் கோடை விடுமுறையில் சில நாட்கள் தம் பின்னால் நின்று வேலையைப் பார்த்த மாணவரைப் பற்றி அவரால் என்ன எழுத முடியும்? ஆர்வமுள்ளவர், பணிவானவர், நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று எழுதுவார். சேர்க்கைக் குழுவுக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்படி மருத்துவரின் பின்னாலேயே நின்று பார்க்கும் ஷேடோயிங்கில் மாணவர் பார்வையாளர் மட்டுமே. அவர் எதையும் செய்யாதபோது மருத்துவர் மதிப்பிடவும் எதுவும் இருப்பதில்லை. குடும்ப நண்பர் என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிந்துவிட்டால், அதன் எடை இன்னும் குறைகிறது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி., கடிதம் எழுதுவோருக்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. மாணவருக்காக வாதாடுவதைவிட அவர் மருத்துவப் படிப்புக்கு ஏற்றவரா என்பதைச் சரியாக மதிப்பிட வேண்டும், எவ்வளவு காலமாக, எந்த நிலையில் அவரை அறிவோம் என்று குறிப்பிட வேண்டும், நேரில் கண்ட நடத்தையை முன்னிறுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது: உங்கள் வேலையை நேரில் கண்டவரிடம் கேளுங்கள்.

முந்நூறு பேர் அமர்ந்திருந்த கரிம வேதியியல் வகுப்பின் புகழ்பெற்ற பேராசிரியர், “இம்மாணவி என் வகுப்பில் ஏ பெற்றார், வகுப்புகளுக்குத் தவறாமல் வந்தார்” என்று எழுதினால், மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே சொன்னதையே அக்கடிதமும் சொல்கிறது. ஆய்வகத்தில் ஓராண்டு உடனிருந்த இளம் உதவிப் பேராசிரியர் வேறு மாதிரி எழுதுவார். மூன்று வாரச் சோதனை முடிவுகள் எதிர்பார்த்தபடியே வந்திருந்த நிலையில், ஒப்பீட்டு மாதிரியில் தான் செய்த பிழையை அந்த மாணவியே கண்டுபிடித்து, யாரும் கேட்காமலே வந்து சொல்லி, அனைத்தையும் மறுபடி செய்தார் என்று அவர் எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த உதவிப் பேராசிரியரின் பெயரைக் குழுவில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. பெரிய வகுப்பில் உங்களை உண்மையில் அறிந்தவர் ஆய்வக உதவியாசிரியராகப் பணிபுரியும் ஆய்வு மாணவர்தான் என்றால், அவர் எழுதிப் பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்திடும் வழக்கம் உண்டு, தயங்காமல் கேட்கலாம்.

ஆனால் கடிதம் எழுதுபவரைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவக் கல்லூரிகளின் விதிகளை மீற இடமில்லை. பல கல்லூரிகள் அறிவியல் பாட ஆசிரியர் இருவரிடமிருந்தும், அறிவியல் அல்லாத பாட ஆசிரியர் ஒருவரிடமிருந்தும் கடிதம் கேட்கின்றன. நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த மூன்றாவது கடிதத்தில்தான். வரலாறு, தத்துவம் போன்ற பாடங்களை மதிப்பெண்ணுக்காக எடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உண்மையில் இருபது பேர் மட்டுமே உள்ள அத்தகைய வகுப்பில்தான் ஆசிரியர் உங்கள் எழுத்தைப் படிக்கிறார், விவாதத்தில் பிறர் பேசுவதை நீங்கள் கேட்கும் விதத்தையும் கவனிக்கிறார். முதியோர் இல்லத்திலோ இலவச மருத்துவ முகாமிலோ தொடர்ந்து பணியாற்றியிருந்தால், அங்கே உங்களை மேற்பார்வையிட்டவரின் கடிதத்தையும் சேர்க்கலாம். எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகள் பலவும் மருத்துவர் ஒருவரின் கடிதத்தைக் கேட்பதால், அதற்கு ஏற்றவரை முன்கூட்டியே தேடிக்கொள்வது நல்லது. டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி விண்ணப்ப முறையும் தனி விதிகளும் இருக்கின்றன.

நீங்கள் இளங்கலை படிக்கும் கல்லூரியில் மருத்துவ விண்ணப்பதாரர்களுக்கான ஆலோசனைக் குழு இருந்து, அது தன் சார்பில் மாணவரை மதிப்பிட்டுக் குழுக் கடிதம் வழங்கினால், அதைப் பெறுவதே முறை. அதைத் தவிர்த்தவர்களிடம் சில மருத்துவக் கல்லூரிகள் காரணம் கேட்கும். இக்குழுக்களின் வேலை மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆம்காஸ் பத்துக் கடிதப் பதிவுகள் வரை ஏற்கும் என்பதற்காகப் பத்தையும் நிரப்பத் தேவையில்லை. சுமாரான ஆறாவது கடிதம், நல்ல ஐந்து கடிதங்களின் மதிப்பைக் கரைத்துவிடுகிறது.

கேட்கும் விதமும் முக்கியம். நேரில் சென்று, “என்னைப் பற்றி வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என்னை அறிவீர்களா?” என்று கேளுங்கள். தயக்கமோ மழுப்பலோ தெரிந்தால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். மறுப்பவர் உங்களுக்கு நல்லதே செய்கிறார், ஏனெனில் அரைமனதாக எழுதப்பட்ட கடிதத்தைப் பின்னால் திருத்த வழியில்லை. ஒப்புக்கொண்டவருக்குக் குறைந்தது ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். தன்விவரக் குறிப்பு, ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்துக்காக எழுதும் தனிக் கட்டுரையின் வரைவு, கடிதத்துக்கான ஆம்காஸ் படிவம் ஆகியவற்றோடு, அவர் கண்முன் நீங்கள் செய்த வேலைகளை நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி இருந்தாலும், அதை விட்டுக்கொடுப்பதே நடைமுறை. மாணவர் பார்க்கக்கூடிய கடிதத்தைக் குழுவினர் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

கடிதங்கள் வந்து சேரும்வரை ஆம்காஸ் விண்ணப்பத்தை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. உங்கள் பாடங்களையும் மதிப்பெண்களையும் ஆம்காஸ் சரிபார்ப்பது அவை இல்லாமலே நடக்கும். ஆனால் பல கல்லூரிகள், எல்லாக் கடிதங்களும் வந்த பிறகே கோப்பை முழுமையானதாகக் கருதி எடுத்துப் படிக்கின்றன. எனவே கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு எழுதுபவருக்குப் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்புவதில் தவறில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க நேர்ந்தால் பழைய கடிதங்களை ஆம்காஸ் கொண்டுசெல்லாது, எல்லாவற்றையும் புதிதாக அனுப்ப வேண்டும். ஆகவே கடிதத்தின் ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்திருக்கும்படி எழுதியவரிடம் அப்போதே சொல்லி வையுங்கள்.