பல்லுக்குள் நீந்தும் திருகு

"டாக்டரம்மா, பல்லுக்குள்ள நீந்திப் போயி கிருமியைக் கொல்ற ரோபோ வந்துருச்சாமே, அதுவரைக்கும் வேர் சிகிச்சையத் தள்ளிப்போடலாமா?" மண்டபம் ஊரிலிருந்து ஈறு வீங்கி வந்த ஒரு மீனவ அண்ணன் கேட்டது இது. இன்னும் சிலருக்கு வேறு பயம்: தடுப்பூசி வழியாக அப்படி ஒன்றை நம் உடம்புக்குள் விட்டுவிடுவார்களோ என்று. அந்த ரோபோ எதனால் நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இதற்கு முன்மாதிரி பாக்டீரியா. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் உடல் சுமார் 2 மைக்ரான் நீளம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வால் திருகுச் சுருள். அந்த வால் நெளிவதில்லை, அடியிலுள்ள மோட்டாரால் சுழல்கிறது என்று 1973இல் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் எடுத்துக்காட்டினார்கள். நொடிக்கு ஏறக்குறைய 100 சுற்று!

அவ்வளவு சிறிய உடலுக்குத் தண்ணீரின் குணமே வேறு. பாம்பனில் இன்ஜினை நிறுத்திய பிறகும் வல்லம் கொஞ்ச தூரம் ஓடும். பாக்டீரியா வாலை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடும். அங்கே ஆட்சி செய்வது நீரின் பிசுபிசுப்பு. இதை 1977இல் எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் ஒரு சிப்பியைக் கொண்டு விளக்கினார். கடலில் சில சிப்பிகள் மெல்லத் திறந்து, சட்டென்று மூடி நீந்துகின்றன. பாக்டீரியா அளவுக்குச் சுருங்கிவிட்டால் அந்த வித்தை பலிக்காது. மூடும்போது போன தூரமெல்லாம் திறக்கும்போது திரும்பிவிடும், எவ்வளவு வேகமாக மூடினாலும் சரி. திருகோ ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மெல்லிய இழையை நீளவாக்கில் இழுப்பதைவிடக் குறுக்காக இழுக்கும்போது ஏறத்தாழ இரு மடங்கு எதிர்ப்பு வருகிறது. சுழற்சியை முன்னோட்டமாக மாற்றுவது அந்த வித்தியாசம்தான்.

2009இல் சூரிச்சில் ஒரு குழுவும், ஹார்வர்டில் அம்பரீஷ் கோஷ், பீர் ஃபிஷர் இருவரும் செயற்கைத் திருகுகளை நீந்தவைத்தார்கள். ரோபோ என்று சொல்வது இந்த மாதிரித் திருகைத்தான். ஹார்வர்டில் செய்தது சுமார் 2 மைக்ரான் நீளக் கண்ணாடித் திருகு, மேலே கோபால்ட் பூச்சு. அதில் மோட்டாரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. வெளியே வைத்த மின்சுருள்கள் காந்தப்புலத்தைச் சுழற்றும். கூடவே திருகும் சுழலும். காந்தப்புலத்தை டெஸ்லாவில் அளப்பார்கள்; இதற்குச் சில மில்லிடெஸ்லா போதும் (எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் 1.5 டெஸ்லா, அதாவது 1,500 மில்லிடெஸ்லா இருக்கும்). புலத்தை அளவுக்கு மீறி வேகமாகச் சுழற்றினால் திருகால் ஈடுகொடுக்க முடியாமல் வேகம் குறைந்துவிடும். புலத்தை நிறுத்திவிட்டால் அது வெறும் துகள். யாருக்கும் தெரியாமல் ஊசியில் ஏறி, தன்னிச்சையாக உடம்புக்குள் நீந்தித் திரிய அதற்கு வழியே இல்லை. அந்தப் பயத்தில் தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள்.

பல் மருத்துவராக எனக்கு இதில் ஆசை இருக்கிறது. பல்லின் டென்டின் பகுதி (வெளி எனாமலுக்கு அடியில் உள்ள அடுக்கு) முழுக்க ஒன்றிரண்டு மைக்ரான் அகல நுண்குழாய்கள். வேரை எவ்வளவு கழுவினாலும், என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் அவற்றின் ஆழத்தில் தங்கிவிடலாம். சிகிச்சை செய்த பல் மீண்டும் வலிக்க அதுவும் ஒரு காரணம். 2022இல் கோஷ் பணியாற்றும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், இரும்பு பூசிய சிலிக்காத் திருகுகளை, பிடுங்கிய பற்களின் நுண்குழாய்களுக்குள் 2,000 மைக்ரான் ஆழம் வரை செலுத்தி, வெப்பத்தால் கிருமியைக் கொன்று காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பலித்தது உங்கள் வாய்க்கு வந்து சேர நாளாகும். சொத்தை அதுவரை காத்திருக்காது.

நம் கரையோர ஊர்களில் பலர் சொத்தைப் பல்லில் புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள், அல்லது மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். பல்லின் உள்நரம்பு செத்துவிட்டால் ரத்த ஓட்டமும் போச்சு; மாத்திரை உள்ளே போய்ச் சேராது. வலி அடங்கும், கிருமி அங்கேயே இருக்கும். சூடோ குளிரோ பட்டு வலி நீடித்தால், ராத்திரியில் வலி எழுப்பினால், ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தால் வேர் சிகிச்சைக்கு வாருங்கள். முடியாதென்றால் பல்லை எடுத்துவிடலாம். தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் விடியும்வரை பொறுக்காதீர்கள், படகிலும் ஏறாதீர்கள். உடனே 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.